பெரிஸ்கோப்பில் தெரிந்த மச்சான்

பளீலாவின் அடுப்பு இன்றைக்கும் மூளவில்லை.

போன வாரம் அவள் சொன்னதை வீட்டில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. "சனிக்கிழமை புதுப் பருவம் தொடங்கிக் கடலுக்கு எறங்கக்குள்ள உங்கட கயிறு யாருட கையில இரிக்கும் எண்டு எனக்குத் தெரியோணும். சரியான ஆள்ட கையில எண்டு தெரியிற வரைக்கும் நான் அடுப்பு மூட்ட மாட்டன்" என்றாள். புருசன் ஜவாஹிர் சிரித்தார். மறுநாள் காலையில் தேத்தண்ணியும் வராதபோதுதான் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு கேட்டதும் ஆலங்குடா ஊரிலேயே முதலில் வாசலுக்கு ஓடி வருகிறவர் அவர்தான்.

கயிறு விசயம் வெளியூர்க்காரருக்குச் சின்னதாகத் தெரியலாம். ஜவாஹிர் கடலட்டை எடுக்கக் கடலடிக்கு மூழ்கிக் குளிக்கிறவர். முதுகில் சிலிண்டர் இருந்தாலும் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்க மாட்டார். மறுமுனை, படகில் நிற்கும் மச்சானின் கையில் இருக்க வேண்டும். மச்சான் என்றால் மனைவியின் சகோதரன். இந்தப் பக்கத்துக் கடலில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். கீழே இருப்பவனுக்கு ஏதும் நடந்தால் விதவையாகப் போவது தன் தங்கை என்று தெரிந்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்க மாட்டான்.

பளீலா நானா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன் மர்ஸூக் அப்படித்தான் பிடித்தார், போன பருவத்தின் கடைசி நாள் வரை. அன்று மேலிருந்து ஒரு தரம் இழுத்து, "சுகமா?" என்று கேட்டார். சுகமென்றால் கீழிருந்து இரண்டு இழுப்பு வர வேண்டும். வரவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. ஆளைத் தூக்கிவிட்டார். ஜவாஹிர் நிறைந்த பையைக் கடலடியில் விட்டுவிட்டு மேலே வந்தார். கரையில் ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, "பயந்தவன்ட கையில கயித்தைக் குடுக்க ஏலா" என்றார்.

"வல்லாஹி, இனி உன்ட கயித்தை நான் தொட மாட்டன்" என்று மர்ஸூக் அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தார்.

அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்க்கவில்லை. கதைக்க வேண்டியதையெல்லாம் பெண்கள் சுமந்தார்கள். "உன்ட நானாகிட்டச் சொல்லு." "உன்ட புருசன்கிட்டச் சொல்லு." இரண்டு ஆண்கள் ரோசப்பட்டால் தேய்வது பெண்களின் செருப்பு. இதை ஹஃபீலா இரண்டு வீட்டிலும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். இரண்டு வீட்டிலும், "வாயைப் பாரு இவள்ட" என்றுதான் பதில் வந்தது.

ஹஃபீலா ஜவாஹிருக்கும் பளீலாவுக்கும் ஒரே மகள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பட்டத்துக்குச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேலே மாட்டிவிட்டு, அரசாங்க நியமனம் வரும் வரைக்கும் சும்மா இரு என்றார்கள். சும்மா இருப்பது அவளுக்கு வராது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள், பிறகு கோபம் வந்து, நீர்மூழ்கிக் கப்பல்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் நூதனசாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

"நம்ம நேவிகிட்டயே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் இல்ல. அதுக்கு ஆலங்குடாவில நூதனசாலையா?" என்று மர்ஸூக் மாமா கேட்டார்.

"டைனோசரும்தான் நம்மகிட்ட இல்ல மாமா. கொழும்பில எலும்பு வெச்சா போய்ப் பார்க்க மாட்டீங்களா?"

நூதனசாலை சிலாபத்துக் கத்தரினா மிஸ்ஸுடையது. அவருடைய கணவர் கடற்படையில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். மூடிக் கிடந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையை வாங்கி, சேர்த்து வைத்த படங்களையும் தன் கையால் செய்த மாதிரிக் கப்பல்களையும் அதற்குள் அடுக்கினார். அவர் காலமான பிறகு மிஸ்தான் நடத்துகிறார்.

அங்கே பலகைகள் எல்லாம் சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தன. முதல் நாளே ஹஃபீலா கேட்டாள்: "இந்தப் பக்கத்தில முக்கால்வாசி சனம் தமிழ் கதைக்குது மிஸ். அதுகள் வந்து எதை வாசிக்கிற?"

கத்தரினா மிஸ் முகம் சுளிக்கவில்லை. "எழுதும் பிள்ளை. நான் பலகைக்குச் சொல்லிவிடுறன்."

அந்தப் பலகைகள் இந்த வியாழக்கிழமை ஏறின. ஹஃபீலா தமிழில் ஆட்களைச் சுற்றிக் காட்டப் போகும் முதல் நாளும் அதுதான். வாப்பாவையும் மாமாவையும் அவளே போய் அழைத்தாள். மற்றவரும் வருகிறார் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அவன் வந்தா நான் இல்ல" என்றார் வாப்பா. "அவன் வந்தா நான் இல்ல" என்றார் மாமா. பேசாமலே இவ்வளவு ஒற்றுமை.

பிறகு பளீலா தன் பங்குக்கு ஒரு நடை போய், மற்றவர் வரமாட்டார் என்று இருவரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

"பொய் சொல்லித்தான் சேர்க்கோணுமா உம்மா?"

"நீ உண்மை சொல்லி இதுவரைக்கும் எத்தனை பேரைச் சேர்த்திரிக்கிறாய்?"

 

*

ஜவாஹிர் பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்று முதலாவது பலகையை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். கடைசிச் சொல் வரை வாசித்துவிட்டு, "இதை நீயா எழுதின?" என்று கேட்டார்.

"ஓம்."

"கடைசி வரி நல்லம்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் உள்ளே போனதும் ஒரு பலகையையும் விடவில்லை. வரிசையில் பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாசித்தார். ஹஃபீலாவுக்கு உள்ளுக்குள் பெருநாள்.

"இது நானூறு வருசத்துக்கு முந்தி லண்டன் ஆத்தில ஓடினது" என்று அவள் முதலாவது மாதிரியைக் காட்டினாள். "மரவள்ளம். மேலால தோல் போத்தியிருக்கு. உள்ளுக்க இருந்து துடுப்புப் போட்டிருக்கிறாங்க."

"தோலா?" பளீலா மூக்கைச் சுளித்தாள். "நனைஞ்சா நாறாதா?"

"அதைப் பத்தி எந்தப் புத்தகத்திலயும் இல்ல உம்மா."

"நாறியிருக்கும்" என்றாள் பளீலா உறுதியாக. மதுரங்குளியிலிருந்து பார்க்க வந்து பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் தலையாட்டியது.

அடுத்தது முட்டை வடிவத்தில் ஒரு மரப் பெட்டி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஒற்றை ஆள் உள்ளே இருந்து, கையாலும் காலாலும் சுழற்றிக்கொண்டு எதிரியின் கப்பலுக்குக் கீழே போனது. ஜவாஹிர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மூச்சுக்கு?"

"உள்ளுக்க இரிக்கிற காத்துத்தான் வாப்பா. அரை மணித்தியாலம் மட்டில தாங்கும்."

"அரை மணித்தியாலம்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "அப்ப அவன் மிச்சம் கதைச்சிருக்க மாட்டான்."

சுவரோரம், ஆள் நீளத்தில் ஓர் இரும்புக் குழாய் மாதிரி. அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்ன மர மனிதர்கள் குனிந்து உட்கார்ந்து ஓர் இரும்புத் தண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓடியது இது. எதிரியின் கப்பலொன்றை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி.

"இது மூணு தரம் கடலுக்குள்ள தாண்டது" என்றாள் ஹஃபீலா. "ரெண்டு தரம் பழகிப் பார்க்கக்குள்ள. மேல எடுத்து, செத்தவங்கட மையித்துகளை எறக்கிப் போட்டு, மறுபடி புது ஆக்களை ஏத்தினாங்க. மூணாம் தரம் எதிரியையும் தாக்கிட்டு, தானும் தாண்டு போச்சு."

"ரெண்டு தரம் தாண்டதைப் பார்த்துட்டும் ஏறினாங்களா?" ஜவாஹிர் நம்பவில்லை.

"ஏறினாங்க. எட்டுப் பேர்."

பளீலா மர மனிதர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்கட பொண்டாட்டிமாருட படம் எங்க?"

"இல்ல உம்மா."

"ஏன் இல்ல?"

பலகைகளை எழுதித் திருத்திய காலம் முழுவதும் ஹஃபீலாவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. 

கத்தரினா மிஸ்தான் சிரித்தார். "பளீலா, இதை நான் என்ட மனுசன்கிட்டயும் கேட்டனான். இடமில்லையாம். அனே, இந்தப் பெரிய ஐஸ் வீட்டுல பொம்பளைக்கு மட்டும் இடமில்லை."

"மனுசி போகாத எண்டு சொல்லியிரிக்கும்" என்றாள் பளீலா. கண் மர மனிதர்களில் இருந்தாலும் சொன்னது புருசனுக்கு. "கேட்டிரிக்க மாட்டானுகள்."

ஜவாஹிர் அடுத்த பலகையை வாசிக்கப் போய்விட்டார்.

*

நூதனசாலையின் கடைசி அறையில்தான் எல்லோரும் காசு கொடுத்துப் பார்க்க வருகிற சாமான் இருந்தது. பழைய தண்ணீர் பவுசர் லொறி ஒன்றின் தொட்டியை வாங்கி, வெட்டி, ஒட்டி, மிஸ்ஸின் கணவர் நீர்மூழ்கியின் உள்பக்கம் செய்திருந்தார். வட்டக் கதவு, சிவப்பு வெளிச்சம், சுவர் முழுக்க முள் ஆடாத கடிகாரங்கள். நடுவில் மட்டும் பொய்யில்லாத ஒரு பெரிஸ்கோப். கண்ணாடியும் வில்லையும் வைத்து அவரே செய்தது. குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. ஐஸ் தொழிற்சாலைச் சுவருக்கு யன்னல் கிடையாது, அதனால் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிய அது ஒன்றுதான் வழி.

பளீலா முதலில் கண்ணை வைத்தாள். "சத்தமே இல்லாம எல்லாம் ஆடுது" என்றாள். கைப்பிடியைப் பிடித்து மெல்ல மெல்லச் சுற்றினாள். "கடல் தெரியுது. கைட்டுப் பட்டத்தில தொங்கிட்டு வெள்ளைக்காரி ஒருத்தி போறாள். வுழுந்துட்டாள். எழும்பிட்டாள். நாய் ஒண்டு. றோட்டு. கொட்டை மரம்."

சுற்றுவது நின்றது.

"என்ன உம்மா?"

"ஒண்டுமில்ல" என்றாள் பளீலா, கண்ணை எடுக்காமல். "உன்ட மாமா."

ஜவாஹிர் திரும்பினார். "அவன் வரல்ல எண்டுதானே சொன்னாய்?"

"வரல்லதானே. வெளியிலதானே நிக்கிறார்."

"தள்ளு."

பளீலா தள்ளவில்லை. அவர் தோளால் இடம் எடுத்துக்கொண்டு குனிந்தார்.

வில்லை நல்ல வில்லை. கொட்டை மரத்து நிழலில் நின்ற மர்ஸூக்கின் தாடி நரை வரைக்கும் தெரிந்தது. அவருக்கு எதிரே உசனார். சனிக்கிழமைக்குக் கயிறு பிடிக்க ஜவாஹிர் பேசி வைத்த ஆள் அவர்தான். இவ்வளவு காலமும் கரைவலை இழுத்தவர். கூட்டத்தோடு சேர்ந்து வலைக்கயிற்றை மூச்சுப் பிடித்து இழுப்பது ஒரு வேலை. கடலுக்கடியில் ஓர் ஆளைக் கட்டி வைத்திருக்கும் கயிற்றைப் பிடிப்பது வேறு வேலை. அவருக்கு இரண்டாவது தெரியாது. அது ஜவாஹிருக்கும் தெரியும். பளீலாவின் அடுப்பு அணைந்ததே அதனால்தான்.

"உசனாரோட இவனுக்கு என்ன கதை?" ஜவாஹிரின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ட ஆளைக் கலைக்கிறான். தானும் பிடிக்க மாட்டான், மத்தவனையும் பிடிக்க விடமாட்டான். பாரு, கையை ஆட்டி ஆட்டிச் சொல்றான். போகாத எண்டுதான் சொல்றான்."

"சத்தம் கேக்குதா உங்களுக்கு?" என்றாள் ஹஃபீலா.

"கேக்கத் தேவையில்ல. எனக்குத் தெரியாதா அவனை?" ஒரு கணம் நிறுத்தினார். "அது என்ட கயிறு."

ஹஃபீலா உம்மாவைப் பார்த்தாள். பளீலா முள் ஆடாத கடிகாரத்தில் மணி பார்த்தாள். "உசனார் பழகிப் பார்க்கக் கேட்டார். குடுத்தன்" என்றாள்.

"என்ட கயித்தை அவன் எப்பிடித் தொடுவான்? வல்லாஹி எண்டு ஊருக்கு முன்னால..." ஜவாஹிர் கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தார். திடீரென்று அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று ஹஃபீலா பயந்துபோனாள். இல்லை, சிரிப்பு.

"கையில துவாய்த் துணியைச் சுத்தியிரிக்கான்" என்றார். "ரெண்டு கையிலயும். கயிறு கையில படாம துவாயால பிடிக்கிறான். சத்தியம் முறியக்கூடாதாம். எப்பிடி மூளை பாரு."

பிறகு கைப்பிடியை விடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்ற மதுரங்குளிக் குடும்பத்துக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கத்தரினா மிஸ் அவர்களை மெல்ல வேறு அறைக்குக் கூட்டிப் போனார்.

"என்ன செய்றார் வாப்பா?"

"இழுக்கிறான். ஒண்டு." அவருடைய சொந்தக் கை காற்றில் அதைச் செய்தது. "சுகமா எண்டு கேக்கிற இழுப்பு. உசனார்ட இடுப்பில கட்டிட்டு அவனைப் பதில் குடுக்கச் சொல்றான். உசனார் மாடு மாதிரி இழுக்கிறான். இவன் இல்ல எண்டு தலையாட்டுறான். இப்ப இவனே செஞ்சு காட்டுறான். ரெண்டு இழுப்பு. பிறகு..."

அவர் கண்ணை ரப்பர் வட்டத்தில் இன்னும் அழுத்தினார்.

"பிறகு?"

"பிறகு சின்னதா ஒண்டு."

ஹஃபீலாவுக்கு விளங்கவில்லை. பளீலாதான் மெதுவாகச் சொன்னாள். "வாப்பா பதில் குடுத்த கையோட கயித்தை மணிக்கட்டில ஒரு சுத்துச் சுத்துவார். அது மேல சின்ன இழுப்பாத் தெரியும். தெரியாத ஆள் மூணு எண்டு எண்ணிருவான்."

மூன்று இழுப்பு என்றால் 'தூக்கு'. அது ஹஃபீலாவுக்கும் தெரியும். வேலை நடக்கும்போதெல்லாம் தூக்கினால் ஆள் சினந்து போவான். பிறகு நிசமான மூன்று வரும்போது, பழக்கதோசம் என்று விட்டுவிடுவார்கள். மேலே நிற்பவன் தவறவிடக்கூடாத இழுப்பு அது.

மர்ஸூக் அந்த வித்தியாசத்தைத்தான், துவாய் சுற்றிய கையால், தன் இடத்துக்கு வரப்போகும் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜவாஹிர் கண்ணை எடுத்தார். கண்ணைச் சுற்றி ரப்பர் வட்டம் பதிந்திருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் ஆளே வேறாகத் தெரிந்தார்.

"அண்டைக்கு நான் பதில் குடுக்கல்ல" என்றார்.



"அவன் கேட்டான். ரெண்டு தரம் கேட்டான். எனக்குத் தெரிஞ்சிச்சு. ரெண்டு கையிலயும் அட்டை. இன்னும் ரெண்டு எடுத்துட்டுக் குடுப்பம் எண்டு இருந்துட்டன்."

"அப்ப போய் அவர்கிட்டச் சொல்லுங்க" என்றாள் ஹஃபீலா.

"அவன் உள்ளுக்க வரட்டும். வந்தா சொல்றன்."

அதோடு ஹஃபீலாவின் பொறுமை அறுந்தது. "வாப்பா, நல்லாக் கேளுங்க. இத்தனை மாசமா உம்மா உங்க ரெண்டு பேருக்கும் நடுவில நடந்து நடந்து கால் வெடிச்சுப் போச்சு. உங்களுக்குக் கீழ மூச்சு முட்டினா அவர்ட கைக்குத் தெரியுது. உம்மாக்கு மேல மூச்சு முட்டுறது உங்க ஒருத்தருக்கும் தெரியல்ல. கதவு அந்தா இரிக்கி. நடந்து போக ஏலாட்டி சொல்லுங்க, நான் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறன்."

தொட்டிக்குள் அவளுடைய குரல் இரும்பில் பட்டு இரண்டு தரம் கேட்டது. மற்ற அறையில் மதுரங்குளிக் குடும்பம் அமைதியானது.

ஜவாஹிர் மகளைப் பார்த்தார். பளீலாவைப் பார்த்தார். அவளுடைய காலையும் பார்த்தார். பிறகு குனிந்து வட்டக் கதவைத் தாண்டி வெளியே போனார்.

ஹஃபீலா பெரிஸ்கோப்புக்குப் பாய்ந்தாள். உம்மா அவளுக்கு முந்திவிட்டாள்.

*

"வாறார்" என்றாள் பளீலா. "வெயில்ல கண்ணைச் சுருக்கிட்டு வாறார். செருப்பு மாறிப் போட்டுட்டார், அது யாருட செருப்போ."

"மாமா பார்த்துட்டாரா?"

"இல்ல. இங்கால முதுகு. உசனார்ட இடுப்பில இருந்து கயித்தை அவுத்து மணல்ல போட்டுட்டு உசனாரோட கதைச்சிட்டு நிக்கிறார். தன்ட பக்கத்தைத் துவாயால பிடிச்சிட்டுத்தான் நிக்கிறார். உசனார் பார்த்துட்டார், வாயைத் திறக்கப் பார்க்கிறார். வாப்பா வாயில விரல் வெச்சுக் காட்டுறார். வாப்பா குனியிறார். மணல்ல கிடக்கிற முனையை எடுக்கிறார்."

"எடுத்து?"

"இரி." பளீலாவின் கை கைப்பிடியில் இறுகியது. "இழுத்தார். ஒண்டு."

ஹஃபீலா உம்மாவின் காதருகே குனிந்தாள்.

"நானா நிண்டுட்டார். கதை நிண்டு போச்சு. திரும்பல்ல. கயித்தைப் பார்க்கிறார். வாப்பா இன்னொருக்கா இழுக்கிறார்." அவள் மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். "நானா துவாயை உதறிட்டார். ஹஃபீ, துவாய் மணல்ல கிடக்கு. வெறுங்கையால பிடிச்சிட்டார். கண்ணை மூடிட்டு நிக்கிறார். ஆளைத் தெரிஞ்சிட்டு அவருக்கு, திரும்பாமலே தெரிஞ்சிட்டு. ரெண்டு இழுக்கிறார்."

"பிறகு?"

"பிறகு சின்னதா ஒண்டு."

பளீலா சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, "இந்தக் கண்ணாடி பழுது. மங்கலாத் தெரியுது" என்றாள்.

"கண்ணைத் துடைங்க உம்மா."

*

அவர்கள் வெளியே வந்தபோது இரண்டு மச்சான்மாரும் கொட்டை மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார்கள். கயிறு நடுவில் கிடந்தது.

"தொட்டுட்டாய் மச்சான்" என்றார் ஜவாஹிர்.

"தெரியும்."

"வல்லாஹி எண்டு சொல்லியிரிக்காய்."

"தெரியும் எண்டு சொல்றன்தானே. பத்து ஏழைக்குச் சோறு. அதானே கஃப்பாரா? குடுத்தாப் போச்சு." சத்தியத்தை முறித்தவர் கொடுக்க வேண்டிய பரிகாரத்தை மர்ஸூக் ஏதோ பஸ் கட்டணம்போலச் சொன்னார். "நீதான் பின்னால வந்து இழுத்த. அரைவாசி உன்ட பங்கு."

"என்னத்துக்கு அரைவாசி? முழுக்க நான் தாறன்." ஜவாஹிர் மணலைக் கிளறினார். "அண்டைக்கு நான் பதில் குடுக்கல்ல மச்சான். ரெண்டு கையிலயும் அட்டை."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் ஊருக்கு முன்னால சொல்லல்ல? நான் உன்னைப் பயந்தவன் எண்டு சொல்லக்குள்ள சும்மா நிண்டாய்?"

மர்ஸூக் துவாயை எடுத்து மணலை உதறினார். "பதில் குடுக்காத ஆள் எண்டு தெரிஞ்சா, பிறகு உன்ட கயித்தை இந்தக் கரையில யாரு பிடிப்பான்? நான்தான் தொட மாட்டன் எண்டு சத்தியமும் பண்ணிட்டன்."

ஜவாஹிர் தலையைக் குனிந்துகொண்டார்.  மச்சானின் சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்துக்கொண்டார்.

"அப்ப சனிக்கிழமை எனக்கு வேல இல்லையா?" என்றார் உசனார். "இவ்வளவு நேரமும் மாடு மாதிரி இழுக்கிறன் எண்டு ஏச்சு வாங்கிட்டு நிக்கிறன்."

"எஞ்சின் பிடிக்க வா. அதை எப்பிடி இழுத்தாலும் அது ஏசாது" என்றார் ஜவாஹிர்.

"கஃப்பாராச் சோத்திலயும் ஒரு பங்கு தாறம்" என்றார் மர்ஸூக்.

"நான் ஏழை எண்டு யாரு சொன்ன?" உசனார் சண்டைக்கு வந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ன கறி?" என்று கேட்டார்.

பளீலா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு. மாட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி. ஹஃபீலா, போற வழியில விறகு சொல்லிட்டுப் போவம். பத்துப் பேருக்கு எண்டா நான் சமைக்கிறது முப்பது பேருக்கு."

"எனக்கும் ஒரு கோப்பை ஒதுக்கும்" என்று வாசலில் இருந்து கத்தரினா மிஸ் சொன்னார். "அதோட, யாரோ என்ட விசிட்டர்ட செருப்பைப் போட்டுட்டு வந்திருக்கிறீங்க. மதுரங்குளி ஆள் ஒருத்தர் வெறுங்காலோட நிக்கிறார்."

ஜவாஹிர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மர்ஸூக் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகம் பறந்தது. இத்தனை மாதத்துக்குச் சேர்த்து வைத்த சிரிப்பு.

*

மர்ஸூக் மாமாவை உள்ளே கூட்டிப் போய்க் காட்ட வேண்டியதாயிற்று. தன்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்த சாமானைத் தானும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மற்றவர்கள் வெளியே நின்று சோற்றுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிசம் மாமா. காலையிலேருந்து எனக்கு முறையே வரல்ல" என்று ஹஃபீலா முதலில் கண்ணை வைத்தாள்.

கடல் பளபளத்தது. உம்மாவும் வாப்பாவும் அருகருகே நின்றார்கள். இந்த வேலைக்கு வந்ததற்காக அவள் மறுபடியும் சந்தோசப்பட்டாள். கைப்பிடியைச் சுற்றினாள். மரம். வேலி. றோட்டு.

பின்னால் மாமாவின் போன் அடித்தது. அவர் வட்டக் கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு எடுத்தார். "ஓம் மகன், சொல்லு" என்றார். "ஸியாத்துதான் புள்ள" என்று ஹஃபீலாவுக்கும் சொன்னார். அவருடைய மகன் ஸியாத் கட்டாருக்குப் போய் அடுத்த பெருநாளோடு இரண்டு வருசம். தினமும் வாப்பாவுக்குப் போன் எடுப்பான். அந்தப் பெருமையை மாமா ஊரில் ஒருவரையும் விடாமல் சொல்லியிருக்கிறார்.

"வேல முடிஞ்சா மகன்? சாப்பிட்டியா? அங்க வெயிலா?"

றோட்டோரத்துப் பெட்டிக்கடையில், கல்பிட்டி பஸ் போன தூசிக்குள், ஒருவன் நின்றான். காலடியில் ஒரு பெரிய பயணப் பை. மஞ்சள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். ஒரு கையில் போன் காதோடு இருந்தது. மற்றக் கையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாயை அசைத்தான்.

"சரியான வெயிலாம் புள்ள, டோஹாவில" என்றார் மாமா.

தொப்பிக்காரன் தலையைத் திருப்பினான். அந்த மூக்கை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறாள். கொட்டை மரத்தடியில் நிற்பவர்களைக் கண்டதும் அவன் சட்டென்று கடைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"போனை வெய் மகன், வெய். இஞ்ச எல்லாரும் சந்தோசமா இரிக்கிறம். பிறகு எடு, எல்லாம் சொல்றன்." மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்க, தள்ளு பார்ப்பம். என்ன தெரியுது?"

ஹஃபீலா உண்மையை ஒளிக்காதவள். ஊருக்கே தெரியும்.

கைப்பிடியை மெல்ல, சத்தம் வராமல், றோட்டிலிருந்து மறுபக்கம் திருப்பினாள்.

"கடல் மாமா" என்றாள். "வெறும் கடல்தான் தெரியுது."